காரம் தெரியாத உதடு

உங்கள் சுட்டுவிரலைக் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்குக் கீழே ஒரு முண்டு முன்னே நகர்ந்து போய்த் திரும்பி வரும். கீழ்த்தாடை எலும்பு தலையோடு கொளுவியிருக்கிற இடம் அது. மண்டையில் நாம் அசைக்கக்கூடிய எலும்பு அந்த ஒன்றுதான். வாய் திறக்கும்போது மேல்தாடை மேலே போகிறது, கீழ்த்தாடை கீழே போகிறது என்று நாற்பது வயது தாண்டும்வரை நான் நம்பியிருந்தேன். மேல்தாடை எங்கேயும் போவதில்லை. அது சும்மா இருக்க, கீழ்த்தாடைதான் பிறந்த நாள் முதல் எல்லா வேலையையும் செய்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் வருத்தம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னேன். தாடைக்குக் கீழே உள்ள தழும்பைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்பார்கள். நான் காதுக்கு முன்னால் விரலை வைக்கச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு வீட்டில் மாடு அவிழ்க்காத ஞாபகம் வந்துவிடும். அதனால் எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். வாசிப்பவர் பாதியில் எழும்பிப் போனாலும் என் கண்ணுக்குத் தெரியாது.

நான் புகையிலை பார்ப்பவன். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு முதலாளி மலையாள நாட்டுக்குப் புகையிலை அனுப்புகிறார். அவருக்காகச் சண்டிலிப்பாய், மானிப்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், குடிலில் புகை போட்டுப் பதப்படுத்திய இலையைத் தரம் பிரிப்பது என் வேலை. நிறத்தைக் கண் பார்க்கும். இழுபடுகிற தன்மையை விரல் பார்க்கும். ஆனால் மலையாளத்தார் வெற்றிலையோடு வாயில் போடுகிற சரக்கு அது. காரம் இல்லாத இலையை அவர்கள் தொடமாட்டார்கள். அதைப் பார்ப்பதற்கு, இலையின் நுனியில் ஒரு கிள்ளுக் கிள்ளி, உருட்டி, கீழ் உதட்டுக்கும் முரசுக்கும் நடுவில், வலது பக்கத்தில், செருகிக்கொண்டு பேசாமல் இருப்பேன். முரசு என்று நாங்கள் சொல்வது பல்லைப் பிடித்திருக்கும் சதையை. கொஞ்ச நேரத்தில் காரம் எழும்பும். சில இலை முரசைக் குத்தும். சில இலை உதட்டின் விளிம்பில் எரியும். நல்ல இலை முதலில் முரசில் தொடங்கி, உதட்டுக்கு ஏறி, மெதுவாக அடங்கும். அந்த உதட்டை நம்பித்தான் முதலாளி சிப்பம் சிப்பமாக வாங்கினார். அதனால் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

வலது பக்கத்துக் கடைசிக் கடைவாய்ப்பல்லில் ஓட்டை விழுந்து, வலி கொதிக்கத் தொடங்கியது. பல்லுக்கொதிக்கு எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த கைமருந்து, ஓட்டைக்குள் புகையிலையை அடைத்துவிடுவது. மற்றவர்கள் ஒரு துண்டுக்காக அயல்வீட்டுக்குப் போகவேண்டும். என் மடியில் அது எப்போதும் இருந்தது. கன்று நட்ட காலத்தில் தொடங்கி இலை வெட்டுகிற காலம்வரை அடைத்துக்கொண்டே இருந்தேன்.

"உந்தப் பல்லைப் பிடுங்கிப்போட்டு வாங்கோவன்," என்று என் மனைவி பொன்னம்மா சொல்லாத நாளில்லை.

"வலது பக்கத்திலை புண்ணாக்கிப்போட்டு வந்தால் பேந்து இலை பாக்கிறது எப்பிடி?" என்பேன். பிழைப்பைச் சொன்னால் அவள் மேலே பேசமாட்டாள்.

பிறகு ஒருநாள் கொதி தானாக நின்றுவிட்டது. பல்லை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் மச்சானுடைய இலையைப் பார்க்கப் போனேன். கந்தவனம் என் மனைவியின் தமையன். சண்டிலிப்பாயில் நல்ல தோட்டக்காரன் என்று பெயரெடுத்தவன். அந்த வருடம் அவனுடைய இலை தடிப்பாகவும் கறுப்பாகவும் எண்ணெய்ப் பிடிப்போடும் இருந்தது. குடில் வாசலில் அயல் தோட்டக்காரரும் கூடி நின்றார்கள். நான் கிள்ளி, உருட்டி, செருகிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு இலையில் கிள்ளி வைத்தேன். நாக்கில் கைப்புத் தெரிந்தது. ஆனால் உதட்டிலும் முரசிலும் வைக்கோலை வைத்ததுபோல் இருந்தது.

"காரம் இல்லை, மச்சான்," என்றேன்.

கந்தவனம் என் முகத்தையே பார்த்தான். "வடிவாய்ப் பாத்தனீரே?"

"ரண்டு தரம் பாத்தன்."

அவன் இலையை எடுத்துத் திரும்ப அடுக்கினான். அப்போது எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தும் நிற்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை விக்கிக்கொண்டே போனேன். பொன்னம்மா காலையில் அவித்த புட்டில் தேங்காய்ப்பூ காணாது, அதுதான் விக்குகிறது என்று அவளிடம் குறையும் சொன்னேன். இந்த விக்கலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நான் சொன்ன சொல் ஊரெல்லாம் போனது. அதன் பிறகு வேறு எந்த வியாபாரியும் கந்தவனத்தின் குடில் பக்கம் வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் என் வலது தாடை வீங்கியது. அயலில் உள்ள பெண்கள் வந்து பார்த்துவிட்டுக் கூகைக்கட்டு, அதாவது பொன்னுக்கு வீங்கி, என்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருகிற வருத்தம் இந்த மனுசனுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்று சிரித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. முதல்நாள் ஒரு விரல் போகிற அளவுக்குத் திறந்த வாய், மறுநாள் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்போது யாரோ ஒருவர் ஏற்புவலி என்ற சொல்லைச் சொன்னார். ஆணி குத்தின புண்ணால் வருகிற வருத்தம் அது. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும், பிறகு உடம்பு வில்லாக வளையும், பிறகு சொல்லத் தேவையில்லை. சிரித்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். பொன்னம்மா என் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். தோட்டம் தோட்டமாக நடக்கிறவனுடைய காலில் புண் இல்லாத இடம் எது? அவள் அழத் தொடங்கினாள்.  கார் பிடித்துக்கொண்டு வந்து என்னை ஏற்றியவன் கந்தவனம்.

யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வெளியே உட்காருவதற்கு ஒரு நீண்ட வாங்கு இருக்கும். அதில் இருந்தவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் என்ன வருத்தம் என்று கேட்டுக்கொண்டார்கள். பதில் சொல்ல முடியாதவன் நான் ஒருவன்தான். வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டிருந்ததையும் நான் அறியவில்லை. பொன்னம்மா தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்குத்தருக்குச் சவிரிமுத்து என்று பெயர். குருநகர்க்காரர், என்னைவிட வயதில் இளையவர், அவசரப்படாதவர். கழுத்தை வளைத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "ஏற்புவலி இல்லை," என்றார். பொன்னம்மா அவரைக் கும்பிட்டாள்.

"அப்ப ஏன் பூட்டிக்கொண்டது?" என்று பல்லுக்கு நடுவால் கேட்டேன். வாய் பூட்டினாலும் பேசலாம் என்று நான் கண்டுபிடித்தது அன்றுதான். கொஞ்சம் பாம்பு சீறுவதுபோல் இருக்கும்.

"இடது பக்கச் சொக்கையிலை கையை வைச்சுப் பல்லை நெருமிப் பாருங்கோ," என்றார். நெருமினேன். சொக்கைக்குள்ளே, கன்னத்துத் தோலுக்கு அடியில், ஒன்று திரண்டு எழும்பியது. "உதுதான் சாப்பாட்டை அரைக்கிற தசை. உதைப்போலை ஒவ்வொரு பக்கத்திலையும் நாலு தசை இருக்கு. கிட்ட எங்கையோ சீழ் பிடிச்சிருக்கு. அசைஞ்சால் நோகுமெண்டு தசை தானாய் இறுகி நிக்குது."

தாடை என்னைக் கேட்காமலே என்னைக் காத்துக்கொண்டிருந்தது என்று அறிந்ததும் எனக்கு வருத்தம் பாதி மறந்துபோனது. இன்னும் கேட்கவேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார்.

"தொடேக்கை எல்லாம் ஓம் எண்டு சொல்லுங்கோ."

நெற்றியில் தொட்டார். ஓம் என்றேன். இடது சொக்கையில், உதட்டுக்குக் கீழே இடது நாடியில், இடது உதட்டில் தொட்டார். ஓம், ஓம், ஓம். பிறகு அவர் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். யாரோ கூப்பிட்டு வெளியே போய்விட்டார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன்.

அவர் போகவில்லை. என் வலது உதட்டில் ஒரு குண்டூசியை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். பொன்னம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசியை எடுத்தபோது ஒரு பொட்டு இரத்தம் வந்தது. அது என் இரத்தம் என்று கண்தான் சொன்னது.

"எப்ப தொடக்கம் இப்பிடி மரத்துக் கிடக்கு?"

"தெரியாது," என்றேன். உண்மையாகவே தெரியாது. இருப்பது தெரியும், இல்லாமல் போனது எப்படித் தெரியும்?

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு காய்ந்த தாடை எலும்பை எடுத்து மேசையில் வைத்தார். யாரோ ஒரு மனிதன் அதனால் சோறு தின்று, கதைத்து, கொட்டாவி விட்டிருக்கிறான். எனக்குப் பயம் வரவில்லை. கையில் எடுத்துப் பார்க்கலாமோ என்று கேட்டேன். லாடம் போல் வளைந்து, இரண்டு பக்கமும் பின்னால் நிமிர்ந்து நின்றது. நிமிர்ந்த பகுதியின் உட்புறத்தில் ஒரு துவாரம் இருந்தது. டாக்குத்தர் விளக்குமாற்றில் ஒரு மெல்லிய ஈர்க்கை முறித்து அந்தத் துவாரத்துக்குள் விட்டார். ஈர்க்கு எலும்புக்குள்ளே மறைந்து, கடைவாய்ப்பற்களுக்குக் கீழால் போய், நாடிக்குப் பக்கத்தில் வெளிப்புறத்தில் உள்ள இன்னொரு துவாரத்தால் நுனியை நீட்டியது.

"இந்த வழியாலை ஒரு நரம்பு வருது," என்றார். "வாற வழியிலை கீழ்ப்பல்லுக்கெல்லாம் கிளை குடுக்குது. வெளியாலை வந்து அந்தப் பக்கத்துச் சொண்டு, முரசு, நாடி மூண்டுக்கும் உணர்ச்சி குடுக்குது. உங்கடை கடைவாய்ப்பல்லிலை இருந்து சீழ் எலும்புக்கை இறங்கியிருக்கு. நரம்பு அதுக்கை நெரிபடுது."

எனக்கு அது உடனே விளங்கியது. துலாவால் இறைத்த தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. நடுவில் வாய்க்கால் அடைத்தால் கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கும். பாத்தியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

"சொண்டு அசையுதே?" என்று உதட்டைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன்.

"அசைக்கிற நரம்பு வேறை. அது காதுக்குக் கீழாலை வெளிக்கிட்டுச் சொக்கைக்கு மேலாலை வருது. எலும்புக்கை போறேல்லை."

"நாக்கிலை கைப்புத் தெரிஞ்சுதே?"

"நாக்குக்குப் போறது இந்த ஓட்டைக்கை நுழைய முந்தியே பிரிஞ்சு போயிடும்." அவர் என்னைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தார். "ஏன் கேக்கிறியள்?"

நான் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கில் கைப்பு. உதட்டில் வைக்கோல். பிறகு அந்த விக்கல். மச்சானின் இலையை வைத்தது ஒரு செத்த முரசுக்கும் செத்த உதட்டுக்கும் நடுவில்.

"டாக்குத்தர் ஐயா, காரமில்லாத போயிலைச் சாறு வயித்துக்கை போனால் விக்குமோ?"

"கடுமையான போயிலையெண்டால்தான் விக்கும்," என்றார். "அதுக்குச் சொண்டு தேவையில்லை."

பொன்னம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். புட்டுக்குச் சொன்ன குறை அவளுக்கும் நினைவு வந்திருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்தாளோ அழுதாளோ தெரியவில்லை.

உதடு மரத்துப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று டாக்குத்தர் பிறகு சொன்னார். புற்று என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. புகையிலை போடுகிறவனுக்கு அதை விளக்கவும் தேவையில்லை. கீறிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பொன்னம்மா நல்லூர்க் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். மறுநாள் தாடைக்குக் கீழே ஒரு கீறல் போட்டார்கள். நாற்றத்தோடு சீழ் கொட்டியது. "சீழ்தான்," என்று டாக்குத்தர் சொன்னபோது, இந்த உலகத்தில் சீழைக் கண்டு சந்தோசப்பட்ட மனிதர் நாங்கள் மூவரும்தான் என்று நினைத்தேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. எலும்பின் ஒரு பகுதி செத்துப்போயிற்று. செத்த எலும்பு உயிருள்ள எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும்வரை காத்திருந்து, பிறகு அதை வெட்டி எடுக்கவேண்டும். அதுவரை காயத்துக்குள்ளே கத்தரிப்பூ நிற மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கழுவுகிற நேரத்தில் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வேன். ஒரு பக்கம் உதடு மரத்திருந்தாலும் காயம் மரக்கவில்லை.

பூட்டிய வாய்க்குச் சாப்பாடு எப்படிப் போகும் என்பது எல்லாருக்கும் உள்ள கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு நாக்கால் தடவிப் பாருங்கள். கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஒரு சிறு இடைவெளி இருக்கும். சொக்கைக்குள் விட்ட கஞ்சி அந்த வழியால் தொண்டைக்குப் போய்விடும். கந்தவனம் பப்பாசி இலையின் தண்டை வெட்டி, பால் போகக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தான். அந்தக் குழலால்தான் கஞ்சி உறிஞ்சினேன். உறிஞ்சியதில் பாதி வலது பக்கத்தால் வழிந்து நாடிக்கு வந்துவிடும். எனக்குத் தெரியாது. முதலில் பொன்னம்மா துடைத்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார்கள் என்று நான் முகம் சுளித்ததைக் கண்டு, அடுத்த நாள் முதல் அவள் துடைக்கவில்லை. தன் உதட்டின் வலது பக்கத்தில் ஒரு விரலை வைப்பாள். அவ்வளவுதான். நான் துடைத்துக்கொள்வேன். மற்றவர்களுக்கு அவள் ஏதோ யோசிப்பதுபோல் இருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் அந்தோனிப்பிள்ளை என்று குருநகரில் மீன் பிடிக்கிறவர் ஒருவர் கை முறிந்து கிடந்தார். வீட்டிலிருந்து வந்த மீன் தலையைத் தின்றுவிட்டு, தாடை எலும்பைக் கழுவி என்னிடம் நீட்டுவார். "உதையும் பாரும். தூண்டில் கொளுவுறது உந்த இடத்திலைதான்," என்பார். நான் வாங்கிப் பார்ப்பேன். நேர்ஸ் வந்து இரண்டு பேரையும் ஏசுவாள்.

கந்தவனம் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கஞ்சிச் செம்போடு வந்தான். இலையைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. 

"மச்சான், உம்மடை இலையிலை பிழையில்லை," என்றேன் ஒருநாள். "என்ரை சொண்டிலைதான் பிழை."

அவன் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தான். "தெரியும்," என்றான்.

"எப்பிடி?"

"வீட்டை போய்ச் சேருமட்டும் விக்கிக்கொண்டெல்லே போனனீர். காரமில்லாத இலைக்கு ஆர் விக்கினது?"

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"என்ரை இலைக்கு நானே சாட்சி சொன்னால் ஆர் கேப்பினம்?" கஞ்சியைக் குழலோடு என் கையில் தந்தான். "பேந்து உமக்கு ஏதோ செய்யுதெண்டு விளங்கிச்சுது. இலையைவிட அது எனக்குப் பயமாய்க் கிடந்தது, மச்சான்."

அடுத்த நாள் அவனிடம் அந்த இலையில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். பல் பூட்டியிருந்தாலும் உதட்டை இழுத்துச் செருகுவதற்கு ஒரு தடையும் இல்லை. நேர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, வாழ்நாளில் முதல்தரம், இடது பக்கத்தில் வைத்தேன். எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. விக்கலும் வந்தது. ஆனால் எரிகிறது என்பதைத் தவிர வேறொன்றும் அந்த இடது பக்கத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. முரசில் தொடங்கி உதட்டுக்கு ஏறினதா, ஏறினது எப்போது அடங்கினது, ஒன்றுமே பிரித்தறியவில்லை. பழகாத பக்கம். என் தொழில் முழுவதும் வலது பக்கத்து அந்த ஓர் அங்குல இடத்தில் இருந்திருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது. எனக்கு உண்மையான பயம் வந்தது அப்போதுதான்.

முதலாளி என்னைப் பார்க்க வந்தார். கந்தவனத்தின் இலையை வாங்கச் சொன்னேன்.

"என்ன கதைக்கிறீர், தம்பிப்பிள்ளை? அண்டைக்குக் காரமில்லை எண்டீர். இண்டைக்கு இருக்கெண்டுறீர். மச்சான் எண்டபடியாலோ?"

நேர்ஸின் மேசையில் ஒரு குண்டூசி இருந்தது. அதை வாங்கி, அவருக்கு முன்னால், என் வலது உதட்டில் குத்திக்கொண்டேன். முகம் அசையவில்லை. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காணும், எடும்," என்றார். பிறகு மெல்லத் திரும்பினார். "அப்ப இனி?"

"இடது பக்கத்தாலை பாக்கலாம்."

"அது பழகின பக்கமோ?"

நான் பொய் சொல்லவில்லை. அவர் கரவெட்டியிலிருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு தாமே சண்டிலிப்பாய்க்குப் போனார். அந்த மனிதர் மச்சானின் இலையை வைத்துப் பார்த்துவிட்டு, முதல்தரமான இலை என்றாராம். சிப்பம் எல்லாம் விற்றுப் போய்விட்டது. அதோடு, வருகிற போகத்துக்கும் அந்தக் கரவெட்டிக்காரரே இலை பார்க்கட்டும், தம்பிப்பிள்ளைக்குச் சொண்டு சரிவந்தால் யோசிப்போம் என்றும் முதலாளி சொல்லியனுப்பினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குருடனைக் கொண்டு நிறம் பார்ப்பிக்க அவர் என்ன விசரரா?

செத்த எலும்பை எடுக்கிற நாளுக்கு முதல் நாள் டாக்குத்தரிடம் கேட்டேன். "உணர்ச்சி திரும்பி வருமோ?"

"நரம்பு அந்த எலும்புக்கையாலைதான் போகுது. அறாமல் எடுக்கப் பாக்கிறன். அறுந்தால் வராது. அறாட்டில் வரலாம். என்னாலை சொல்ல ஏலாது." பழைய கீறலையே பெரிதாக்கப் போவதாகச் சொன்னார். தாடையின் விளிம்போடு உதட்டை அசைக்கிற நரம்பு ஓடுவதால், விளிம்பை விட்டு இரண்டு விரல் கீழே வெட்டவேண்டுமாம். இல்லாவிட்டால் வாய் கோணிப்போகும். இப்படி ஒரு கைப்பிடி எலும்பைச் சுற்றி இவ்வளவு வாய்க்கால்கள் ஓடுவதை எண்ணிப் பார்த்துக்கொண்டே மறுநாள் மூக்கில் மயக்க மருந்துத் துணியை ஏற்றேன். இனிப்பான ஒரு மணம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது வாய் கொஞ்சம் திறந்தது. டாக்குத்தர் ஒரு சிறு போத்தலைக் காட்டினார். உள்ளே கிடந்த துண்டு எங்கள் கிணறுகளில் வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல் போல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் வாய்க்கால்போல் நீளமாக ஒரு தவாளிப்பு. நரம்பு ஓடிய வழியின் பாதி அது. வெளியே எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். வழுவழுப்பாக இருந்தது.

"நரம்பு அறேல்லை," என்றார். "நூல் மாதிரி வெளியிலை கிடந்தது. இனி அது தன்ரை பாட்டிலை முழிக்கவேணும். மாதக் கணக்காகும். முழிக்காமலும் விடலாம்."

"எலும்பு?"

"எலும்பைப் போர்த்துக்கொண்டு ஒரு மெல்லிய உறை இருக்கு. அது புதிசாய் எலும்பு கட்டும். ஏற்கெனவே கட்டத் தொடங்கியிட்டுது."

செத்ததைச் சுற்றிப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்த என் தாடையை நினைத்து அன்று முழுவதும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் பொன்னம்மா காலையில் முகம் கழுவும் நேரத்தில் ஈரத் துணியால் என் வலது உதட்டைத் தொட்டு, "தெரியுதோ?" என்பாள். இல்லை என்பேன். புதுக் கன்று நட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தாள். குடில்களில் புகை எழும்பியது. கரவெட்டிக்காரர் எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் போனார். நான் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் கோயிலிலும் கலியாண வீட்டிலும் சாப்பிட இருந்தால் என் கண் வாழையிலையை விட்டு அவளைத்தான் தேடும். அவள் விரல் உதட்டுக்குப் போனால் என் கை துவாய்க்குப் போகும். அவள் இல்லாத பந்தியில் நான் உட்காருவதில்லை.

நாடியில், அந்த ஈர்க்கு நுனி நீட்டிய இடத்தில், சில நாட்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் நம்பி, அதுவும் பொய்யாகப் போனால் என்ன செய்வது?

அந்தப் புதுப் போகத்து இலை விற்று முடிந்ததும் கந்தவனம் எங்களைக் கூழுக்குக் கூப்பிட்டான். ஒடியல் மாவும் மீனும் நண்டும் போட்டுப் பெரிய பானையில் காய்ச்சியிருந்தார்கள். முற்றத்தில் பாய் போட்டு எல்லாரும் வட்டமாக இருந்தோம். பனையோலைப் பிளாவில் சுடச்சுட வார்த்து வார்த்துத் தந்தார்கள். கூழ் குடிக்கிறவனுடைய வாயால் வழிவது சாதாரணம். சுகதேகிக்கே வழியும். பொன்னம்மா எனக்கு நேரே எதிரில் வந்து இருந்துகொண்டாள்.

கந்தவனம் ஏதோ பகிடி விட்டான். பிளாவை வாயில் வைத்தபடி நான் சிரித்துவிட்டேன். பொன்னம்மாவின் கை மடியிலிருந்து எழும்பி உதட்டுப் பக்கம் போவதைக் கண்டேன். அதற்குள் என் கை துவாயால் வலது உதட்டைத் துடைத்து முடித்துவிட்டது.

அவளுடைய கை பாதி வழியில் நின்றது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கழுத்தடியில் கிடந்த தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"சுட்டதோ?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன். "நல்லாய்ச் சுட்டுப்போட்டுது."